"ரெபரன்ஸ் மட்டும்தான் அண்ணா": உசாத்துணைப் பட்டியலின் பிழைகளும் அவற்றை நீக்கும் வழிகளும்

ஆய்வேடு கையளிக்கும் வாரம் நெருங்கினால் எங்கள் வீட்டுப் படியில் செருப்புகள் கூடிவிடும். திருகோணமலையின் கோணேசபுரி வளாகத்தில் இறுதியாண்டு படிக்கிற பிள்ளைகள் நிலாவெளி பஸ்ஸில் வந்து இறங்கி, உவர்மலை ஏற்றத்தில் மூச்சு வாங்க ஏறி, பென் டிரைவை நீட்டிக்கொண்டே, "எல்லாம் முடிஞ்சுது அண்ணா, ரெபரன்ஸ் மட்டும்தான் இருக்கு" என்பார்கள். அந்த 'மட்டும்தான்' என்கிற சொல்லுக்குள் இரண்டு இரவு வேலை கிடக்கிறது என்பது எனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக் களைத்துப்போய் இப்போது எழுதி வைக்கிறேன். அறிகுறியிலிருந்துதான் தொடங்குகிறேன், ஏனென்றால் யாரும் "ஹேங்கிங் இன்டென்ட் பிழைத்துவிட்டது" என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை, "வரி ஓடுது அண்ணா" என்றுதான் வருகிறார்கள். உங்களுக்கு எது கோளாறோ அதற்கு நேரே போய்விடுங்கள்.

அதற்கு முன் ஒரு கேள்வி. எந்த முறையில் எழுதச் சொன்னார்கள்? "ஏபிஏ என்று நினைக்கிறேன்" என்ற பதில் போதாது. ஏபிஏ என்பது அமெரிக்க உளவியல் சங்கம் வெளியிடும் கையேடு, அதில் எத்தனையாம் பதிப்பு? ஏழாம் பதிப்பு 2019 ஒக்டோபரில் வந்துவிட்டது, ஆனால் சீனியர் கொடுத்த பழைய ஆய்வேட்டைப் பார்த்து எழுதுகிறவர்கள் இன்னும் 2009 இல் வந்த ஆறாம் பதிப்பிலேயே இருக்கிறார்கள். ஹாவர்ட் என்று சொன்னால் இன்னும் சிக்கல், அதற்கென்று அதிகாரபூர்வமான ஒரே கையேடு கிடையாது, ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் ஹாவர்டைத் தானே வைத்திருக்கிறது. பொறியியல், கணினிப் பக்கம் ஐஇஇஇ என்ற பொறியியலாளர் சங்கத்தின் முறையைக் கேட்பார்கள், அதில் அகரவரிசையே இல்லை, கட்டுரையில் எது முதலில் வருகிறதோ அதுதான் ஒன்று. உங்கள் துறை தந்த வழிகாட்டியில் என்ன இருக்கிறதோ அதுதான் சட்டம், நான் கீழே சொல்வதோடு அது முரண்பட்டால் என்னை விட்டுவிட்டு அதைக் கேளுங்கள். நான் ஏபிஏ ஏழை வைத்துத்தான் பேசுகிறேன்.

வீட்டில் ஒழுங்காக இருந்த பட்டியல் அச்சுக் கடையில் திறந்ததும் சிதறிப்போகிறது

ஒவ்வொரு பதிவின் முதல் வரியும் ஓரத்தில் தொடங்கி, அடுத்த வரிகள் அரை அங்குலம், அதாவது 1.27 செ.மீ. உள்ளே தள்ளி வரவேண்டும், இதுதான் ஹேங்கிங் இன்டென்ட். பிள்ளைகள் இதை எப்படிச் செய்திருப்பார்கள் என்றால், முதல் வரி முடியும் இடத்தில் என்டர் தட்டி, ஒரு டேப் போட்டு, அடுத்த வரி முடிகிற இடத்தில் மறுபடி என்டர், மறுபடி டேப். அவர்களுடைய திரையில் கச்சிதமாக இருக்கும். கடைக் கணினியில் எழுத்துரு கொஞ்சம் மாறினாலோ, பைண்டிங்குக்காக இடது ஓரத்தைக் கூட்டினாலோ ஒவ்வொரு வரியும் பாதியில் முறிந்து தொங்கும்.

உங்களுடையது இந்த வகையா என்று பார்க்க, வேர்டில் பத்திக்குறியைக் காட்டும் பொத்தானை அழுத்துங்கள், திருப்பிப் போட்ட பி மாதிரி இருக்கும். ஒரு பதிவுக்கு ஒரே ஒரு பத்திக்குறிதான் இருக்கவேண்டும், அதுவும் கடைசியில். நடுவில் நின்றால் அழியுங்கள். வளைந்த அம்புக்குறி நின்றால் அது ஷிஃப்ட் என்டர், அதையும் அழியுங்கள். எல்லாம் அழித்துப் பதிவுகள் ஒவ்வொன்றும் ஒரே ஓட்டமாக ஆனபின் பட்டியல் முழுவதையும் தெரிவு செய்து கண்ட்ரோலும் டி விசையும் அழுத்துங்கள், தள்ளல் தானாக வந்துவிடும். தவறுதலாக இரண்டு தரம் அழுத்தினால் இன்னும் உள்ளே போகும், ஷிஃப்டையும் சேர்த்து அழுத்தினால் திரும்பி வரும். கூகுள் டொக்ஸில் செய்கிறவர்கள் ஃபோர்மட் பட்டியலுக்குள் போய் இன்டென்டேஷன் தெரிவுகளைத் திறந்து 'ஹேங்கிங்' என்பதைத் தெரிவு செய்யவேண்டும்.

இணைய முகவரி உள்ள வரியில் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே பெரிய ஓட்டை

பட்டியலை இரு பக்கமும் நேராக்கியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். நீளமான முகவரி வரியில் கொள்ளாமல் கீழே இறங்கிவிட, மேலே மிஞ்சிய நாலு சொல்லை வேர்ட் இழுத்துப் பரப்புகிறது. பட்டியலை மட்டும் இடது பக்கம் நேராக்கினால் போதும். முழு ஆய்வேடும் இரு பக்க நேராக இருக்கும்போது இது மட்டும் இடது நேராக இருந்தால் அசிங்கமாக இருக்காதா என்று கேட்பார்கள். இருக்காது.

தமிழ்ப் பதிவுகள் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக மாறிவிட்டன

இதுதான் நம் ஊரின் சொந்த நோய், மற்ற எந்த நாட்டு வழிகாட்டியிலும் இதற்கு மருந்து கிடைக்காது. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு.

என்ன நடந்திருக்கும் என்றால், கடைசி நேரத்தில் யாரோ "முழுவதையும் டைம்ஸ் நியூ ரோமனுக்கு மாற்று" என்று சொல்லியிருப்பார்கள், நீங்களும் கண்ட்ரோல் ஏ அழுத்தி மாற்றியிருப்பீர்கள். பாமினியில் தட்டச்சு செய்தது கணினிக்குத் தமிழே அல்ல. அது ஆங்கில எழுத்துகளைத்தான் சேமித்து வைத்திருக்கிறது, மேலே பாமினி என்ற சட்டையைப் போட்டிருப்பதால் நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரிகிறது. சட்டையைக் கழற்றியதும் உள்ளே இருப்பது வெளியே வந்துவிட்டது. பதறாமல் அந்தப் பகுதியைத் தெரிவு செய்து மறுபடி பாமினிக்கு மாற்றினால் தமிழ் திரும்பி வரும். எதுவும் அழியவில்லை.

ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள், பாமினியில் இருக்கும் பட்டியலை அகரவரிசைப்படுத்தவே முடியாது. வேர்டின் வரிசைப்படுத்தும் பொத்தானை அழுத்திப் பாருங்கள், என்ன நடக்கிறதென்று புரியும். பாமினியில் 'க' எஃப் விசையில் இருக்கிறது, 'ப' ஜி விசையில், 'த' ஜே, 'ம' கே, 'அ' எம், 'ச' ஆர். கணினி ஆங்கில வரிசையில்தான் அடுக்கும், ஆகவே கணபதிக்குப் பிறகு பரமசிவம், அவருக்குப் பிறகு தம்பையா, மகாலிங்கம், அதற்கும் பிறகுதான் அருளம்பலம் வருவார். கைலாசபதி க வரிசையிலேயே இருக்கமாட்டார், ஏனென்றால் பாமினியில் 'கை' என்று அடிக்கும்போது முதலில் அடிப்பது சங்கிலிக் கொம்பை, அது ஐ விசை, அதனால் அவர் பரமசிவத்துக்கும் தம்பையாவுக்கும் நடுவில் போய் உட்கார்ந்திருப்பார். செல்வராசாவும் பெரியதம்பியும் ஒற்றைக் கொம்பில் தொடங்குவதால் என் விசையின் கீழ் ஒன்றாக நிற்பார்கள். பட்டியலைப் பார்த்த உடனேயே, இது பாமினியில் அடுக்கியது என்று சொல்லிவிடலாம், அப்படி ஒரு கைரேகை அது.

தமிழைத் தமிழாகவே சேமிக்கும் யுனிகோடு முறைக்கு மாற்றுவது ஒன்றே வழி. இணையத்தில் இலவச மாற்றிகள் நிறைய உண்டு. இரண்டு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். ஒன்று, பதிவுக்குள் ஆங்கிலம் இருந்தால் அதையும் சேர்த்துப் போட்டுவிடாதீர்கள், நல்ல ஆங்கிலம் தமிழ்க் குப்பையாகத் திரும்பும். மற்றது காற்புள்ளி. பாமினியில் காற்புள்ளி விசையில் இருப்பது 'இ', உண்மையான காற்புள்ளி வேறு விசையில் இருக்கிறது. ஆகவே காற்புள்ளியை ஆங்கில எழுத்துருவில் போட்டிருந்து அதையும் சேர்த்து மாற்றினால் 'சிவத்தம்பிஇ கா.' என்று வரும். காற்புள்ளி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு அநாதை இ. இணையத்தில் பழைய தமிழ்க் கட்டுரைகளில் இந்த இ-யை நீங்கள் நூறு தரம் பார்த்திருப்பீர்கள், ஏனென்று தெரியாமல். உசாத்துணைப் பட்டியல் முழுவதும் காற்புள்ளியில் நிற்கிற ஒன்று என்பதால் இங்கே அது பெருகிக் கிடக்கும், மாற்றியபின் 'இ' என்று தேடி ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒட்டுமொத்தமாக 'இ'-யை நீக்கிக் காற்புள்ளி போடச் சொல்லிவிடாதீர்கள், இந்திரபாலா ',ந்திரபாலா' ஆகிவிடுவார்.

யுனிகோடுக்கு வந்தபிறகும் வரிசையில் ஒரு சின்ன வம்பு மிஞ்சும். எழுத்துகளின் குறியெண்படி அடுக்கினால் ன, ர, ழ என்ற வரிசையில் வரும், நாம் பள்ளிக்கூடத்தில் படித்தது ர, ழ, ன. ஆகவே அன்பழகன், அருணாசலம், அழகையா என்று கணினி அடுக்கித் தந்தால், அன்பழகனைத் தூக்கி அழகையாவுக்குக் கீழே வையுங்கள். ஜ-வையும் சில இடங்களில் கணினி நடுவில் செருகும், நாம் வழக்கமாகக் கடைசியில் வைப்போம். நாற்பது ஐம்பது பதிவுக்குக் கண்ணால் பார்ப்பது பத்து நிமிட வேலை.

ஆசிரியருக்குப் பதிலாக அவருடைய அப்பா பட்டியலில் நிற்கிறார்

மேலைநாட்டு முறை குடும்பப் பெயரை முன்னால் வைத்து, சொந்தப் பெயரைத் தலைப்பெழுத்தாகச் சுருக்கும். நமக்குக் குடும்பப் பெயர் என்பதே இல்லை, தலைப்பெழுத்து அப்பா பெயர், பின்னால் வருவதுதான் ஆளுடைய பெயர். எனவே கா. சிவத்தம்பி பட்டியலில் 'சிவத்தம்பி, கா.' என்று ச வரிசையில்தான் நிற்கவேண்டும். கார்த்திகேசு அவருடைய தந்தையார் பெயர். க வரிசையில் 'கா. சிவத்தம்பி' என்று தலைப்பெழுத்தை வைத்து அடுக்கியிருந்தால் அது பிழை. இதைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

கட்டுரைக்குள்ளே குறிப்பிடும்போது தலைப்பெழுத்து வேண்டாம், '(சிவத்தம்பி, 1981)' போதும். ஆனால் உங்கள் பட்டியலில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால், நம்மிடையே சிவகுமார்களுக்கும் ரவீந்திரன்களுக்கும் குறைவில்லை, அப்போது மட்டும் கட்டுரைக்குள்ளும் தலைப்பெழுத்தைச் சேருங்கள்.

உண்மையான தலைவலி ஆங்கிலக் கட்டுரைகளில் வருகிறது. இப்போது எழுதுகிற நம்மவர்களில் சிலர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி தன் பெயரை முன்னும் அப்பா பெயரைப் பின்னும் வைக்கிறார்கள், சிலர் அப்பா பெயரை முன்னால் வைக்கிறார்கள், சிலர் தலைப்பெழுத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். உசாத்துணைகளைச் சேமித்துப் பட்டியல் போட்டுத் தரும் மென்பொருள்களான சோட்டெரோவோ மெண்டலியோ கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயரென்று எடுத்துக்கொண்டு போய்விடும், அதற்கென்ன தெரியும். எது சரி என்பதை நீங்களோ நானோ ஊகித்து முடிவெடுக்கக் கூடாது. அந்த ஆசிரியர் தன்னுடைய இன்னொரு கட்டுரையில் தன் பழைய கட்டுரையை எப்படி மேற்கோள் காட்டியிருக்கிறார் என்று பாருங்கள், அவர் எப்படி எழுதுகிறாரோ அதுதான் அவர் பெயர். மூன்று நிமிடம் எடுக்கும்.

கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து ஆசிரியர்களுக்கு மூன்று நான்கு தலைப்பெழுத்துகள் இருக்கும், சிங்கள ஆசிரியர்களுக்கும் அப்படியே. இடம் மிச்சம் பிடிக்க ஒன்றிரண்டை வெட்டாதீர்கள், எல்லாம் வரவேண்டும், அதே வரிசையில்.

மத்திய வங்கி ஒரு மனிதராக மாறிவிட்டது

போன தடவை ஒரு தங்கச்சியின் பட்டியலில் 'வங்கி, இ. ம.' என்று ஒரு ஆசிரியர் இருந்தார். யார் இவர் என்று கேட்டேன். "தெரியேல்லையே அண்ணா, சோட்டெரோதான் போட்டது." இலங்கை மத்திய வங்கி. பாவம், அதற்கும் அப்பா பெயரும் தலைப்பெழுத்தும் வைத்துவிட்டது.

சோட்டெரோவில் ஆசிரியர் பெயருக்கு இரண்டு பெட்டிகள் இருக்கும், குடும்பப் பெயருக்கு ஒன்று, மற்றதற்கு ஒன்று. பக்கத்தில் உள்ள சின்னப் பொத்தானை அழுத்தினால் இரண்டும் ஒன்றாகிவிடும். நிறுவனம் என்றால் அந்த ஒற்றைப் பெட்டியில் முழுப் பெயரையும் எழுதுங்கள்.

இதோடு ஒட்டிய இன்னொரு கோளாறு, ஒரே நிறுவனம் பட்டியலில் மூன்று இடத்தில் நிற்பது. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2012 குடிசனத் தொகைமதிப்பை எடுத்தவர்கள் ஓரிடத்தில் தமிழ்ப் பெயரிலும், இன்னோரிடத்தில் ஆங்கிலப் பெயரிலும், மூன்றாவது இடத்தில் சுருக்க எழுத்திலும் போட்டிருப்பார்கள், ஏனென்றால் மூன்று தரவையும் மூன்று வேறு நாளில் எடுத்தார்கள். எந்த மொழிப் பதிப்பைக் கையில் வைத்துப் படித்தீர்களோ அந்த மொழியின் முழுப் பெயரை எல்லா இடத்திலும் வையுங்கள். சுருக்கத்தைக் கட்டுரைக்குள் ஒரு முறை அறிமுகப்படுத்திவிட்டுப் பாவிக்கலாம், பட்டியலுக்குள் அது வரக்கூடாது.

நேற்றுத் திருத்தியதெல்லாம் இன்று பழையபடி நிற்கிறது

பேய் வேலை இல்லை. சோட்டெரோ போட்ட பட்டியலை வேர்டில் கையால் திருத்தியிருக்கிறீர்கள். அடுத்த முறை ஒரு மேற்கோளைச் சேர்த்ததும் அது தன் சேமிப்பிலிருந்து முழுப் பட்டியலையும் புதிதாக எழுதிவிட்டது. வேர்டில் நீங்கள் பார்ப்பது நிழல், ஆள் சோட்டெரோவுக்குள் இருக்கிறார். ஆகவே பிழையை அங்கே போய்த் திருத்துங்கள், திரும்பி வந்து ரிஃப்ரெஷ் அழுத்துங்கள்.

பெரும்பாலான பிழைகள் அந்த மூலப் பதிவில் இருப்பவைதான். கூகுள் ஸ்கொலரிலிருந்து இழுத்த பதிவில் சஞ்சிகைக் கட்டுரை 'வெப் பேஜ்' என்று சேமிக்கப்பட்டிருக்கும், அப்போது தொகுதி எண்ணும் பக்க எண்ணும் வரவே வராது, எத்தனை தரம் ரிஃப்ரெஷ் செய்தாலும். பதிவின் வகையை மாற்றுங்கள், வெறுமையான பெட்டிகளை நிரப்புங்கள். தலைப்பில் எல்லாச் சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்கியிருந்தால் தலைப்பின் மேல் வலது கிளிக் செய்து வாக்கிய எழுத்துக்கு மாற்றலாம், அதன்பின் ஊர், ஆள் பெயர் போன்றவற்றை நீங்களே மறுபடி பெரிதாக்கவேண்டும்.

வேர்டுக்குள்ளேயே இருக்கும் ரெபரன்ஸ் வசதியைப் பாவிக்கிறவர்களுக்கு ஒரு சொல்: பல கணினிகளில் அதற்குள் இருக்கும் ஏபிஏ ஆறாம் பதிப்புதான், பெயரிலேயே எழுதியிருக்கும், யாரும் வாசிப்பதில்லை.

எல்லாம் முடிந்து கடைசிப் பிரதி என்று உறுதியானால் சோட்டெரோவின் தொடர்பை அறுத்துவிடலாம், அதன்பிறகு அது பட்டியலைத் தொடாது. ஆனால் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு அந்தப் பிரதியில் அறுங்கள். மேற்பார்வையாளர் "இன்னும் ரெண்டு ஆய்வு சேர்த்துப் பாருங்கோ" என்று சொல்லுகிற நாள், நீங்கள் அறுத்த நாளுக்கு அடுத்த நாளாகத்தான் இருக்கும்.

டிஓஐ இணைப்பை அழுத்தினால் திறக்கவில்லை, அல்லது வேறு எதுவோ திறக்கிறது

திறக்கவில்லை என்றால் முதலில் நல்லதையே நினைப்போம். டிஓஐ என்பது ஒரு கட்டுரைக்குரிய நிலையான இணைய அடையாள எண், அது எப்போதும் 10 என்ற எண்ணும் ஒரு புள்ளியுமாகத் தொடங்கும், நடுவில் ஒரு சாய்கோடு வரும். பீடிஎஃப்பிலிருந்து பிரதி எடுக்கும்போது வரி முறிந்த இடத்தில் ஒரு இடைவெளியோ இணைப்புக்கோடோ உள்ளே புகுந்திருக்கலாம். கடைசியில் நீங்கள் வைத்த முற்றுப்புள்ளி இணைப்போடு ஒட்டியிருக்கலாம், ஏபிஏயில் டிஓஐக்குப் பின் முற்றுப்புள்ளி வைப்பதில்லை என்பதற்குக் காரணமே இதுதான். இவற்றைச் சரி செய்து மறுபடி அழுத்துங்கள்.

திறந்து வேறு கட்டுரை வந்தால் கதை வேறு. நிலாவெளியின் உல்லாசப் பயணத்துறை பற்றி எழுதிய ஒரு தம்பியின் பட்டியலைச் சரி பார்த்துக்கொண்டிருந்தேன். புறாமலை தேசியப் பூங்கா பற்றிய ஒரு கட்டுரை, ஆசிரியர்கள் தெரிந்த பெயர்கள், சஞ்சிகை உண்மையானது, ஆண்டும் பொருந்துகிறது. டிஓஐயை அழுத்தினால் பல் வைத்தியம் பற்றிய கட்டுரை திறக்கிறது. தம்பியைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். "சாட்ஜிபிடியிட்டக் கேட்டனான் அண்ணா."

இந்த வகைப் பதிவில் தனித்தனியாக எல்லாம் உண்மையாக இருக்கும், ஒன்றாகச் சேர்த்த கட்டுரைதான் உலகத்தில் இருக்காது. அதனால்தான் கண்ணுக்கு அகப்படுவதில்லை. சோதிக்கும் முறை இது: தலைப்பை மேற்கோள்குறிக்குள் வைத்துத் தேடுங்கள். பிறகு அந்தச் சஞ்சிகையின் தளத்துக்குப் போய், சொன்ன தொகுதி, சொன்ன இதழின் உள்ளடக்கத்தைத் திறந்து அந்தப் பக்க எண்ணில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அங்கே இல்லையென்றால் பதிவை அழியுங்கள். அது தாங்கி நின்ற வாக்கியத்தையும் அழியுங்கள், ஏனென்றால் அந்த வாக்கியத்துக்கும் இனி ஆதாரமில்லை. அதே இடத்துக்குப் பொருத்தமான இன்னொரு கட்டுரையைத் தேடி ஒட்டவைப்பது திருத்தமல்ல, முதல் பொய்க்கு இரண்டாவது சாட்சி தேடுவது. அந்தத் தம்பியின் பட்டியலில் அன்றைக்கு இப்படி ஐந்து போனது, இரண்டு பந்திகளும் கூடவே போயின. கோபம்தான் அவருக்கு. பிறகு வந்து தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

இதற்குப் பக்கத்தில் இருக்கும் நாகரிகமான பிழை ஒன்று உண்டு. சிவத்தம்பியைப் படிக்கவில்லை, சிவத்தம்பியை மேற்கோள் காட்டிய இன்னொருவரைத்தான் படித்தீர்கள், ஆனால் பட்டியலில் சிவத்தம்பியைப் போட்டுவிட்டீர்கள். பட்டியலில் நீங்கள் கையில் எடுத்துப் படித்தது மட்டும்தான் வரவேண்டும், கட்டுரைக்குள் 'இன்னார் கூறியதாக இன்னார்' என்று எழுதுங்கள். வாய்மொழிப் பரீட்சையில் "இந்தப் புத்தகத்தின் அட்டை என்ன நிறம்?" என்று கேட்டால் திணறக்கூடாது பாருங்கள்.

சிவப்புப் பேனா வட்டங்கள்

இவை சின்னவை, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வெளியீட்டு ஊரை வட்டமிட்டிருந்தால் நீங்கள் ஆறாம் பதிப்பில் இருக்கிறீர்கள். கைலாசபதியின் 1968 ஆம் ஆண்டு ஆங்கில நூலுக்கு முன்பு 'ஒக்ஸ்போர்ட்: கிளாரென்டன் பிரஸ்' என்று எழுதினோம், இப்போது 'கிளாரென்டன் பிரஸ்' மட்டும். நூலின் தலைப்பும் சஞ்சிகையின் பெயரும் சாய்வெழுத்தில், கட்டுரையின் தலைப்பு நேரெழுத்தில். தொகுதி எண் சாய்வு, அதை ஒட்டி இடைவெளி இல்லாமல் அடைப்புக்குள் வரும் இதழ் எண் நேர். பலர் இரண்டையும் சாய்த்துவிடுகிறார்கள், நானும் பல காலம் அப்படித்தான் செய்தேன். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட ஆசிரியர்கள் என்றால் கட்டுரைக்குள் முதல் தடவையிலிருந்தே முதலாமவர் பெயரும் 'மற்றும் பிறரும்' போதும், ஆனால் பட்டியலில் இருபது பேர் வரைக்கும் எல்லோரும் வரவேண்டும். ஒரே ஆள், ஒரே ஆண்டு, இரண்டு ஆக்கம் என்றால் ஆண்டுக்குப் பின்னால் அ, ஆ போடுங்கள், கட்டுரைக்குள்ளும் அதே எழுத்து.

தமிழ் நூலை ஆங்கில ஆய்வேட்டில் சேர்க்கும்போது தலைப்பை ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து, அதன் பொருளைச் சதுர அடைப்புக்குள் ஆங்கிலத்தில் தரவேண்டும். பொருளை மட்டும் தந்துவிட்டு மூலத் தலைப்பை விட்டுவிட்டால் அந்த நூலை யாராலும் தேடிப் பிடிக்க முடியாது.

"இதை எங்கே போடுறது?"

பெரும்பாலும் வரும் மூன்று. நூலகம் இணையத்தளத்தில் பார்த்த பழைய நூல்: ஆசிரியர் 'நூலகம்' அல்ல, நூலை எழுதியவர்தான் ஆசிரியர், நூலின் ஆண்டுதான் ஆண்டு, தளத்தில் ஏற்றிய ஆண்டல்ல. இணைப்பைக் கடைசியில் சேருங்கள். 

சட்டங்கள்: ஏபிஏயின் சட்ட உதாரணங்கள் அமெரிக்காவுக்கு எழுதியவை, அதை அப்படியே பார்த்து எழுத முயன்று மண்டை காயவேண்டாம். சட்டத்தின் பெயர், இலக்கம், ஆண்டு, நாடு இருந்தால் யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள், உதாரணமாக 'பல்கலைக்கழகங்கள் சட்டம், 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கம் (இலங்கை)'. 

மூன்றாவது, நேர்காணல். சல்லியில் மீனவர்களோடு உட்கார்ந்து எடுத்த இருபது நேர்காணலையும் ஒருவர் பெயர் பெயராகப் பட்டியலில் போட்டிருந்தார். அது உங்கள் தரவு, உசாத்துணை அல்ல. முறையியல் அத்தியாயத்தில் விளக்குங்கள், பட்டியலிலிருந்து எடுங்கள். பெயர் வெளியிடமாட்டோம் என்று அவர்களுக்குச் சொல்லிவிட்டு வந்திருப்பீர்கள், அதையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஓர் அதிகாரி உங்களுக்குத் தனியாக அனுப்பிய மின்னஞ்சல் போன்றவையும் பட்டியலுக்குள் வராது, கட்டுரைக்குள் 'தனிப்பட்ட தொடர்பு' என்று தேதியோடு நின்றுவிடும்.

கட்டுரையில் இருப்பவர் பட்டியலில் இல்லை, பட்டியலில் இருப்பவர் கட்டுரையில் இல்லை

இதைக் கடைசியாகத்தான் செய்யவேண்டும், மேலே உள்ளதெல்லாம் முடித்தபிறகு. பட்டியலை மட்டும் அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வேர்டின் தேடல் பெட்டியில் ^#^#^#^# என்று அடியுங்கள், நான்கு இலக்கம் சேர்ந்து வரும் இடமெல்லாம் பிடிபடும், அதாவது எல்லா ஆண்டும். ஒவ்வொன்றாக அடுத்தடுத்துப் போய், அங்கே நிற்கும் பெயரைத் தாளில் தேடிப் பென்சிலால் சரி போடுங்கள். தாளில் இல்லாதவரை ஓரத்தில் எழுதுங்கள். பெயர் ஒன்றாக இருந்து ஆண்டு முரண்பட்டால், கட்டுரையில் 2014 பட்டியலில் 2015 என்றிருந்தால், இரண்டில் ஒன்றை நம்பாமல் மூல நூலைத் திறந்து பாருங்கள். ஆய்வேடு முடியும்போது சரி விழாமல் தாளில் மிஞ்சி நிற்கிறவர்கள், நீங்கள் எப்போதோ வெட்டியெறிந்த பந்திகளின் எச்சம். அவர்களை எடுத்துவிடுங்கள்.

ஒரு தடவை இப்படிச் சரி போட்ட தாள்களை வெளித் திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே தண்ணீர் குடிக்கப் போனேன், வந்து பார்த்தால் கோட்டைப் பக்கத்து மான் ஒன்று த முதல் ப வரைக்கும் மென்றுகொண்டிருந்தது. இந்த ஊரில் தாளை உள்ளே வைத்துத்தான் வேலை செய்யவேண்டும்.

அச்சுக் கடைக்கு வேர்ட் பைலைக் கொண்டு போகாதீர்கள். பீடிஎஃப்பாக மாற்றி, அதை உங்கள் போனில் ஒரு தடவை திறந்து உசாத்துணைப் பக்கங்களைப் பாருங்கள், போனில் சரியாகத் தெரிந்தால் கடையிலும் சரியாக வரும். கடைக்காரத் தம்பி "வேர்ட்ல தாங்க, நான் மார்ஜின் பாத்துப் போடுறன்" என்று அன்பாகக் கேட்பார். இடது ஓரத்தை வீட்டிலேயே கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்.